பிரான்ஸ் கிராமத்தில் பனியோடு வரும் கிறிஸ்துமஸ் காலம், வெளிநாட்டிலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்துக்கு எப்படி இருக்கும்?

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். கணவரின் வேலைக்காக வந்து, சில வருடங்களாகப் பிரான்சின் ஓத்-லுவார் மாவட்டத்தில் இருக்கிறோம். லு புய்-ஆன்-வெலே நகரத்திலிருந்து, 1,753 மீட்டர் உயரமுள்ள மெசாங் மலைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இருபது வீடு இருந்தால் அதிகம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

நீங்கள் மனதில் வைத்திருப்பது விளக்கு அலங்காரம், கடைத்தெரு, கூட்டம், பாட்டு என்றால் ஸ்ட்ராஸ்பூருக்குப் போங்கள். அங்கே 1570-லிருந்து கிறிஸ்துமஸ் சந்தை நடக்கிறது. கிராமத்தில் டிசம்பர் 24 இரவு எல்லா வீட்டிலும் ஜன்னலின் மரக்கதவு சாத்தியிருக்கும். ரெவெய்யோன் என்கிற அந்த விருந்து குடும்பத்துக்குள் நடப்பது. பேரன் பேத்திகள் ஊரிலிருந்து வந்திருப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. தலை தீபாவளி விருந்துக்கு நாமும் அடுத்த தெருக்காரரைக் கூப்பிடுவதில்லையே. எங்களைப் போன்றவர்களை ஊருக்குள் சேர்த்துக்கொள்வது அந்த ஓர் இரவுக்கு முன்னால் வருகிற வாரங்களும், விறகும், பனியும்தான்.

எங்களுக்கு அது டிசம்பர் 8-இல் தொடங்குகிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. பாட்டி என்ற பொருளில் ‘மமி’ என்றே என் பிள்ளைகள் அவரைக் கூப்பிடுகிறார்கள். லியோனில் பிறந்து, கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவர். அந்தத் தேதியும் லியோனிலிருந்து வந்ததுதான். 1852-இல் அந்த நகரத்தின் ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலை திறப்பு விழா செப்டம்பரில் நடக்க வேண்டியது. ஆற்று வெள்ளத்தால் டிசம்பர் 8-க்குத் தள்ளிப்போனது. அன்றைக்கும் புயல். விழாவைக் கைவிடலாம் என்று இருந்த நேரத்தில் வானம் தெளிந்ததும், சனங்கள் தாங்களாகவே ஜன்னல் விளிம்பில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டார்கள். இன்று அந்த நகரத்தில் அது பெரிய ஒளித் திருவிழா. மமி மட்டும் பழையபடியே, வரிவரியாக வார்த்த சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் குட்டை மெழுகுவத்தி வைத்து ஜன்னலில் அடுக்குவார்.

2022-இல் திருக்கார்த்திகை டிசம்பர் 6-இல் வந்தது. நான் ஜன்னல் விளிம்பில் அகல் வைத்ததைப் பார்த்துவிட்டு மமி கதவைத் தட்டினார். “நாள் தப்பிவிட்டது மதாம், நாளை மறுநாள்தான்” என்றார். திருவண்ணாமலையைப் பற்றிச் சொன்னேன். உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். போகும்போது, “அப்படியானால் 8-ஆம் தேதியும் வையுங்கள், உங்களிடம் நிறைய விளக்கு இருக்கிறது” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கார்த்திகை எந்தத் தேதியில் வந்தாலும் 8-ஆம் தேதியும் அகல் உண்டு.

அந்த வாரங்களில்தான் தபால்காரர் காலண்டர் கொண்டுவருவார், தீயணைப்புக்காரர்கள் இன்னொன்று கொண்டுவருவார்கள். விலை கிடையாது, நம்மால் ஆனதைக் கொடுக்கலாம். பிரான்சில் தீயணைப்புப் படையில் பத்தில் எட்டுப் பேர் தன்னார்வலர்கள். எங்கள் வீட்டுக்குக் காலண்டர் கொண்டுவந்தவர் மாடு வளர்க்கிற விவசாயி. கதவிலேயே நிற்க வைத்துக் காசைக் கொடுத்து அனுப்பாதீர்கள். உள்ளே கூப்பிட்டு ஒரு காபி கொடுங்கள். அவரிடமிருந்துதான் எங்களுக்கு ஊரில் யார் யார் என்று தெரிந்தது. பிள்ளைகள் பெர் நொயேலுக்கு, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு, எழுதும் கடிதங்களுக்குப் பிரெஞ்சுத் தபால்துறை 1962-லிருந்து ஒரு செயலகமே நடத்துகிறது; இப்போது அது லிபூர்ன் என்ற ஊரில் இருக்கிறது. உறையில் நம் முகவரி சரியாக இருந்தால் பதில் வரும். மகளுக்கு வந்த பதிலை இரண்டு வருடமாகத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறாள்.

அடுத்தது விறகு. இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன், ஏனென்றால் முதல் குளிர்காலத்தில் எங்களை அழ வைத்தது இதுதான். இங்கே விறகை ‘ஸ்தேர்’ கணக்கில் வாங்குவார்கள்; அடுக்கி வைத்தால் ஒரு கன மீட்டர். நாங்கள் விவரம் தெரியாமல் நவம்பரில் சொல்லி அனுப்பினோம், ஒருவர் ஈர விறகை இறக்கிவிட்டுப் போனார். அடுப்பில் வைத்தால் கட்டையின் இரண்டு நுனியிலும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு சீறும். அடுப்புக் கண்ணாடி அரை மணியில் கறுத்துப்போகும். வீடெல்லாம் புகை, சூடு மட்டும் வராது. மகனுக்கு அப்போது கைக்குழந்தை வயது. அவனை நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே பல இரவுகள் போயின. மமிதான் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். காய்ந்த விறகு கணீரென்று ஒலிக்கும், ஈர விறகு தொப்பென்று ஒலிக்கும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நமக்கு இது புரிய ஒரு நிமிடம் போதும். பீச் (beech) மரம் நின்று எரியும், பைன் சட்டென்று பற்றி அணைந்துவிடும். பிளந்து இரண்டு வருடம் காய்ந்ததைக் கேளுங்கள், வசந்த காலத்திலேயே சொல்லி வையுங்கள். புகைபோக்கியை வருடா வருடம் ஆள் வைத்துச் சுத்தம் செய்து சான்றிதழும் வாங்கிவிடுங்கள். தீ விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வண்டி விஷயம் சுருக்கமாக: 2021 நவம்பர் முதல், மலைப்பகுதியில் குறித்துவைத்த ஊர்களில் நவம்பர் 1-லிருந்து மார்ச் 31 வரை குளிர்கால டயர் இருக்க வேண்டும், அல்லது சங்கிலியாவது வண்டியில் இருக்க வேண்டும்.

எல்லா வருடமும் கிறிஸ்துமஸுக்குப் பனி இருக்கும் என்று நம்பி வந்துவிடாதீர்கள். 2022 டிசம்பர் கடைசியில் பிரான்ஸ் முழுவதும் வசந்தகாலம் போல வெதுவெதுப்பு. ஆனால் பனி வந்த ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது.

அந்த வருடம் பாரிசில் என் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தோம். சுமார் 550 கிலோமீட்டர். லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புளி, துவரம்பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் எதையும் நிரப்பி வைக்கவில்லை. 22-ஆம் தேதி மாலையிலிருந்து பனி விழ ஆரம்பித்தது. அது விழும்போது சத்தமே இருக்காது. இங்கே பயப்பட வேண்டியது அதற்குப் பிறகு வருகிற வடக்குக் காற்றுக்கு. அதற்கு ஊரில் ‘ப்யூர்ல்’ என்று தனிப் பெயர். வானத்திலிருந்து ஒரு துளி விழாவிட்டாலும், தரையில் கிடக்கும் பொடிப்பனியை வாரிக்கொண்டு வந்து சாலைக்குக் குறுக்கே மேடு போட்டுவிடும். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில் காற்று மணலை நகர்த்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே வேலை, வெள்ளை நிறத்தில். இலையுதிர் காலத்தில் சாலைத்துறை ஆட்கள் ஓரமெல்லாம் உயரமான கம்புகளை நட்டுக்கொண்டு போவார்கள். எதற்கு இவ்வளவு உயரம் என்று நினைத்திருக்கிறேன். 23-ஆம் தேதி காலையில் அந்தக் கம்புகளின் தலை மட்டும் தெரிந்தது.

பாரிஸ் பயணம் போயிற்று. அன்று மதியம் மின்சாரமும் போனது. வரவேற்பறையில் விறகடுப்பு இருந்ததால் நால்வரும் அங்கேயே படுத்தோம். சமையல்தான் முடியவில்லை, எங்களுடையது இண்டக்ஷன் அடுப்பு. 24-ஆம் தேதி மதியம் மமி, கணவருடைய பழைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, இடுப்பளவு பனியில் மண்வெட்டியால் வழி வெட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். லியோனிலிருந்து வர வேண்டிய அவருடைய மகனும் பேரப்பிள்ளைகளும் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். எட்டுப் பேருக்கு வாங்கிய கப்போன் கோழி அவர் வீட்டில் இருந்தது. “என் அடுப்பு விறகில் எரிவது. வாருங்கள்” என்றார். அவ்வளவுதான் அழைப்பு.

அவர் வீட்டுச் சமையலறையில் பாதியை ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். மேலே நான்கு பாத்திரம் வைக்கலாம், பக்கவாட்டில் சூட்டறை. அதில் கோழி வெந்துகொண்டிருந்தது, ஆர்தேஷ் மாவட்டத்து செஸ்ட்நட் கொட்டைகளோடு. நான் அசைவம் சாப்பிட மாட்டேன் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் வாடிப்போனது. ஒரு நிமிடம் நின்றுவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேசையில் வைத்தார். லு புய் பச்சைப் பருப்பு. எரிமலை மண்ணில் உரம் இல்லாமல் விளைவது. 1996-இல் பிரான்சின் பிறப்பிடப் பெயர் அங்கீகாரம் பெற்ற முதல் பருப்பு வகை இதுதான். கருநீலப் புள்ளி போட்ட பச்சை, மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, தட்டை.

வீட்டிலிருந்து கடைசிப் புளி உருண்டையும் சாம்பார்ப் பொடியும் எடுத்து வந்தேன். இந்தப் பருப்பு துவரம்பருப்பு மாதிரி குழையாது, இருபத்தைந்து நிமிடம் வெந்த பிறகும் மணிமணியாக நிற்கும். அதனால் ஒரு கரண்டி பருப்பை எடுத்து அம்மிக்கல் இல்லாத குறைக்குக் கிண்ணத்தின் அடியால் மசித்துக் குழம்பில் சேர்த்தேன். கடுகு வெடித்ததும் மமி ஒரு அடி பின்னால் போனார், பிறகு இரண்டு அடி முன்னால் வந்து குனிந்து பார்த்தார். சாதத்துக்கு அரிசி இருந்தது. அவர் முதலில் கோழிக் கறியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, தட்டை ரொட்டியால் துடைத்து, அதில் தனியாகக் குழம்பை ஊற்றிக்கொண்டார். “ஐம்பது வருடமாகச் சமைக்கிற பருப்பு, இது எனக்குத் தெரியாமல் போனதே” என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டார்.

சமையலறை மேசைக்குப் பக்கத்தில் குடில் வைத்திருந்தார். காட்டிலிருந்து எடுத்த பாசி விரித்து, அதன் மேல் புரோவான்ஸ் பகுதியின் சாந்தோன் பொம்மைகள். விரற்கடை உயர மண் பொம்மைகள். மாதா, சூசையப்பர், ஆடு மாடு மட்டுமில்லாமல் ரொட்டிக்காரர், மீன்காரி, விறகு சுமக்கிற கிழவர் என்று ஒரு ஊரே நிற்கும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயங்களை மூடிவிட்டபோது வீட்டுக்குள் குடில் வைக்கும் பழக்கம் பரவியது என்று சொன்னார். என் மகள் பார்த்த உடனே “அம்மா, கொலு!” என்றாள். தொட்டில் மட்டும் காலியாக இருந்தது. நள்ளிரவுக்கு முன்னால் குழந்தை இயேசுவை வைக்கக் கூடாது. அது மேசை இழுப்பறையில் பஞ்சுக்குள் இருந்தது. வீட்டில் சிறியவர்தான் வைக்க வேண்டுமாம். என் மகன் எட்டரை மணிக்கே தூங்கி வழிய ஆரம்பித்தான். மமி சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய் முள்ளைப் பன்னிரண்டுக்குத் திருப்பினார். அவன் இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுபோய் வைத்தான்.

25-ஆம் தேதி மதியம் டிராக்டர் சத்தம் கேட்டது. முன்னால் பனிக் கலப்பை மாட்டி ஓட்டி வந்தவர், காலண்டர் கொடுத்த அதே விவசாயி. ஊராட்சிக்காகச் சின்ன சாலைகளை அவர்தான் திறந்துவிடுகிறார். கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் விருந்தை விட்டுவிட்டு வந்திருந்தார். காபி கொடுத்தோம், நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். மாலையில் மின்சாரம் வந்தது. 26-ஆம் தேதி, ஜெர்மன் எல்லையோரப் பகுதியான அல்சாஸ்-மோசெல் தவிர வேறெங்கும் விடுமுறை கிடையாது. என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். ஜனவரியில் கலேத் அப்பம் வெட்டுவார்கள். உள்ளே ஒளித்து வைத்த பீங்கான் பொம்மை யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குக் கிரீடம். ஊர்த் தலைவர் எல்லோரையும் பொது மண்டபத்துக்குக் கூப்பிட்டுப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வார். அதற்கு அவசியம் போங்கள்.

அந்த 25-ஆம் தேதி காலையில் நடந்த ஒன்று இன்னும் மீதி இருக்கிறது. வாசற்படி இரவில் உறைந்து கண்ணாடியாகியிருந்தது. வழுக்காமல் இருக்க அடுப்புச் சாம்பலைத் தூவச் சொன்னார் மமி. மகளிடம் வாளியைக் கொடுத்து அனுப்பினேன். வெகுநேரமாகியும் வரவில்லையே என்று போய்ப் பார்த்தால், படிக்குக் கீழே பனியை மிதித்துச் சமமாக்கி, சாம்பலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மார்கழி மாதம் பாட்டி வீட்டில் பார்த்த நாலு புள்ளிக் கோலம், வெள்ளையில் சாம்பல் நிறம். மமி தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கோலத்துக்கு முன்னால் வந்ததும் நின்று, தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நான் எங்கே கால் வைக்கலாம்?” என்று என் மகளிடம் கேட்டார். அவள் ஓரமாக இடம் காட்டினாள்.

இந்த வருடம் நவம்பர் கடைசியில், பனி வருவதற்கு முன்பே, எங்கள் வாசலில் ஒரு தகர வாளி இருந்தது. உள்ளே கரித்துண்டு ஒன்றுகூட இல்லாமல் மாவு போலச் சலித்த சாம்பல்.