ப்ரீப்ரெக்கில் ஊசி ஓட்டைகள் ஏன்?

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 2 மீட்டர் மாடல் கிளைடர் விமானம் கட்டுகிறேன். சதுர மீட்டருக்கு 200 கிராம் நெசவு கார்பன் ப்ரீப்ரெக்கை (ரெசின் பசை ஏற்கெனவே ஊறிய இழைத் துணி) ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வெட்டி, வேக்கம் பையில் போட்டு 120 டிகிரியில் இறுக வைத்தேன். பாகமெல்லாம் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. நீல ஃபோம் இறக்கைமேல் போட்டதோ சுருங்கியே போய்விட்டது. டெயில் பூமும் (வாலைத் தாங்கும் குழாய்) இதிலேயே செய்ய ஆசை. எங்கே பிசகு? — வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: ஓட்டைகளுக்குப் பெரும்பாலும் காரணம் ப்ரீப்ரெக் இருந்த பையை உறைநிலையிலேயே பிரித்ததுதான். நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் 24 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே நீராகப் படிந்துவிடும். மைனஸ் 18 டிகிரியில் இருந்த சுருள் என்றால் கேட்கவே வேண்டாம். படிந்த நீர் ரெசினுக்குள் மாட்டிக்கொள்ளும். 120 டிகிரியில் நீராவியின் அழுத்தம் ஏறக்குறைய 2 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் இரு மடங்கு. வேக்கம் பை எவ்வளவு நன்றாக இருந்தாலும் 1 பாருக்கு மேல் அழுத்தாது. தொழிற்சாலைகளில் ஆட்டோகிளேவ் என்ற அழுத்தச் சூளை பல பார் அழுத்தம் கொடுத்துக் குமிழை அமுக்கிவிடும். வீட்டில் ஈரத்தை உள்ளே விடாமல் இருப்பதுதான் ஒரே வழி.

முழுச் சுருளையும் ஒவ்வொரு முறையும் வெளியே எடுக்காதீர்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாக வெட்டி, சிலிக்கா ஜெல்லோடு தனித்தனிப் பையில் சீல் செய்யுங்கள். எத்தனை மணிநேரம் வெளியே இருந்தது என்பதைப் பைமேல் எழுதி வையுங்கள். பயன்படுத்தும் நாளுக்கு முந்தின இரவே எடுத்து, பிரிக்காமல் வெளியே வைத்துவிடுங்கள். பையின் வெளிப்புறம் துளியும் வியர்க்காமல் காய்ந்திருந்தால்தான் கத்தரிக்கோல். வெட்டி அடுக்கும் வேலையை ஏர்கான் அறையில் செய்வது நல்லது. தரவுத்தாளில் போட்டிருக்கும் ‘வெளியே வைக்கலாம்’ நாட்கள் 20 டிகிரி சுற்றிய கணக்கு. ஏர்கான் இல்லாத நம் வீட்டு 30 டிகிரியில் அதில் ஏறக்குறைய பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்துக்கு அடுத்த சந்தேகம், அடுக்குக்கு நடுவே சிக்கிய காற்று. முதல் அடுக்கைப் போட்டதும் 10–15 நிமிடம் வேக்கம் கொடுத்து அமர்த்துங்கள். பம்பை நிறுத்தி 5 நிமிடம் பாருங்கள். முள் இறங்கினால் பை கசிகிறது. அப்படியே அவனில் (மின் அடுப்பில்) வைக்க வேண்டாம். சூட்டை நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றுங்கள். அவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாதீர்கள், 15–20 டிகிரி தவறும். வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளை அச்சின்மேலேயே ஒட்டி, அச்சு 120-ஐத் தொட்ட பிறகே நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். இந்த அவனில் இனி சமைக்கக் கூடாது.

ஃபோம் சுருங்கியதில் உங்கள் கைவேலைக்குக் குற்றமில்லை. நீல ஃபோம் 75 டிகிரிக்கு மேல் தாங்காது. அந்த இறக்கைக்கு அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சியும் சாதாரணக் கண்ணாடி இழையும் போதும். உள்ளே நீளவாட்டில் கார்பன் பட்டை வேண்டுமானால், ஏற்கெனவே இறுகிய பட்டையாகவே வாங்கி ஒட்டுங்கள். ப்ரீப்ரெக்கை அங்கே செலவழிப்பது வீண். பிஎல்ஏ (3டி பிரிண்டர் பிளாஸ்டிக்) அச்சில் செய்யலாமா என்று யோசிக்கவே வேண்டாம், அது 60 டிகிரியிலேயே இளகிவிடும்.

டெயில் பூம்தான் ப்ரீப்ரெக்குக்கு ஏற்ற வேலை. அதற்கு வேக்கமே தேவையில்லை. ஒரு முனை 20 மில்லிமீட்டர், மறுமுனை 10 மில்லிமீட்டர் இருக்கும் கூம்பு அலுமினியக் கம்பிக்கு மெழுகும், ஒட்டாமல் கழல வைக்கும் ரிலீஸ் ஏஜெண்டும் பூசுங்கள். முதலில் உங்கள் நெசவுத் துணியை 45 டிகிரி சாய்வில் ஒரு சுற்று, அதன்மேல் 150 கிராம் ஒருதிசை ப்ரீப்ரெக்கை நீளவாக்கில் இரண்டு சுற்று. நீளவாக்கு இழை மட்டும் போட்டால் இறங்கும்போது பட்ட சிறு அடிக்கே மூங்கில்போல் பிளந்துவிடும். 1 மீட்டர் பூம் சுமார் 35 கிராம் வரும். மேலே ஷ்ரிங்க் டேப்பைப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இறுகச் சுற்றுங்கள். சூட்டில் அது சுருங்கி ரெசினை அமுக்கும். அலுமினியம் 120-லிருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் குறையும், கார்பன் அநேகமாகக் குறையாது. அதனால் முழுதாக ஆறிய பிறகு கம்பியைப் பெரிய முனைப் பக்கமாக இழுத்தால் கழன்றுவிடும். சூடாக இருக்கையில் இழுத்துப் போராட வேண்டாம்.

வீட்டு அவனில் 1 மீட்டர் நுழையாது. பாறைக் கம்பளி உட்புறம் ஒட்டிய நீளத் தகரப் பெட்டியும் சூடேற்றியும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். சூடான காற்று நேராகப் பூமில் படாமல் தகடு ஒன்றை மறைப்பாக வையுங்கள். இறுகி முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

தேய்க்கும்போது தண்ணீர் ஊற்றித் தேயுங்கள், என்95 முகமூடி போடுங்கள். கார்பன் தூசி மின்சாரம் கடத்தும். மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைமேல் விழுந்தால் ஷார்ட் ஆகும். பூம் கார்பனாக இருக்கலாம், ஆனால் ரிசீவர் இருக்கும் மூக்குப் பகுதியைக் கண்ணாடி இழையில் செய்யுங்கள். கார்பன் ரிமோட்டின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னலை மறைத்துவிடும். மூக்கும் கார்பன்தான் என்று அடம்பிடித்தால், ஆன்டெனா இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வெளியே நீட்டுங்கள்.