விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை

பெரிய அமைப்புகள் எப்படி இயங்குகின்றன, எங்கே சறுக்குகின்றன என்ற கோட்பாடுகளைப் பல வருடங்களாகக் கல்லூரியில் நடத்திவருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

எம்.பி.ஏ. மாணவி: மேடம், வெபர், சைமன், பெரோ என்று அறிஞர்களின் பெயர்களாகவே வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பெயர்களைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஒரே ஒரு விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். திறந்த வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையிலோ அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. 'மூடு' என்ற கட்டளை போனதைத்தான் அந்த விளக்கு காட்டும். வால்வு மூடியதா என்று காட்டாது! இன்னொரு மானி நீர் நிறைந்திருப்பதாகச் சொன்னது. அதை நம்பி, தானாகப் பாய்ந்த அவசர நீரைப் பணியாளர்களே குறைத்தார்கள். எரிபொருள் இருக்கும் உலை மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது.

அதே மாணவி: அப்படியானால் தவறு பணியாளர்கள் மீதுதானே?

அவர்கள் இடத்தில் நின்று அந்த விளக்கைப் பாருங்கள். நீங்களும் நானும் அதையேதான் செய்திருப்போம். சமூகவியலாளர் சார்லஸ் பெரோ 1984-இல் சொன்னதும் இதுதான்: பாகங்கள் எதிர்பாராத விதத்தில் ஒன்றையொன்று பாதிக்கும், இறுகப் பிணைந்திருப்பதால் யோசிக்க அவகாசமும் இருக்காது. இப்படிப்பட்ட அமைப்பில் விபத்து அதன் இயல்பிலேயே இருக்கிறது.

ஆலை மேற்பார்வையாளர்: எங்களிடம் சின்னக் கசிவுகள் உண்டு, இதுவரை ஒன்றும் ஆகவில்லை. கவலைப்பட வேண்டுமா?

கட்டாயம். 'ஒன்றும் ஆகவில்லை' என்ற சொல்தான் எனக்குப் பயம். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தை ஏவும் ராக்கெட்டுகளின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் முந்தைய பயணங்களிலேயே அரித்திருந்தன. ஒவ்வொரு முறையும் கலம் பத்திரமாகத் திரும்பியதால், அரிப்பு ஏற்கத்தக்கதாகிவிட்டது. 1986 ஜனவரி 28 அன்று, குளிரில் ரப்பர் இறுகி சரியாக அடைக்காது என்று முந்தைய இரவே பொறியாளர்கள் எச்சரித்தும் ஏவினார்கள். 73 விநாடியில் கலம் சிதறியது. 7 பேரையும் இழந்தோம். இந்த விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன் இதை 'விலகல் இயல்பாதல்' என்கிறார். உங்கள் கசிவுகளைத் தேதியோடு எழுதி வையுங்கள். முதலில் எதைக் கசிவு என்றீர்கள், இன்று எதைச் சொல்கிறீர்கள் என்று ஒப்பிடுங்கள்.

ஆய்வு மாணவர்: கணிதம் தேவையா?

தொடங்குவதற்குக் கணிதம் தேவையில்லை.

அவரே: பெரோவை எல்லோரும் ஏற்கிறார்களா?

இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விமானந்தாங்கிக் கப்பல்களைப் பார்த்து, இப்படிப்பட்ட அமைப்பையும் பத்திரமாக நடத்த முடியும் என்று எதிர்வாதம் வைத்தார்கள். அங்கே தளத்தில் ஆபத்தைக் கண்டால் கடைநிலை மாலுமியும் விமான இயக்கத்தை நிறுத்தலாம். எனக்கு இரண்டு தரப்பும் வேண்டும். ஆனால் ஓர் அமைப்புக்குள் போனதும் நான் முதலில் தேடுவது அந்த மாலுமியைத்தான்.