'நெய்தல்' கப்பல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

2080ஆம் ஆண்டில் கடலில் மிதக்கக்கூடும் என்று நான் கற்பனை செய்த விமானந்தாங்கிக் கப்பலின் மாதிரியை 1/700 அளவில், அதாவது முழு அளவில் 700இல் ஒரு பங்காக, கட்டி முடித்திருக்கிறேன். அதற்கு நான் வைத்த பெயர் 'நெய்தல்'. முழு அளவில் 420 மீட்டர் நீளம். என் மேசையில் 60 சென்டிமீட்டர். படங்களைப் பார்த்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கும் இப்படி ஒன்று கட்ட ஆசை. 1/350 எடுக்கலாமா, 1/700 போதுமா?

முதலில் கப்பலை வைக்கப்போகும் அலமாரியை அளந்துவிடுங்கள். அமெரிக்காவின் ஜெரால்டு ஆர். ஃபோர்டு விமானந்தாங்கி ஏறத்தாழ 337 மீட்டர். 1/350இல் அது 96 சென்டிமீட்டர், 1/700இல் 48. எதிர்காலக் கப்பல் என்றதும் எல்லோருக்கும் ஆசை பெருத்துவிடும், எனக்கும் பெருத்தது. நெய்தலை 1/350இல் கட்டியிருந்தால் 1.2 மீட்டர் வந்திருக்கும், அறையை அதற்கு விட்டுவிட்டு நான் வெளியே போயிருப்பேன். ஆனால் 1/700இல் ஆள் உயரமே இரண்டரை மில்லிமீட்டர்தான். நல்ல சாமணமும் உருப்பெருக்கியும் இல்லாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: இல்லாத கப்பல்தானே! யார் வந்து தப்புக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? எதற்கு இத்தனை கணக்கு?

நானும் இப்படித்தான் நினைத்தேன். முதல் வரைபடத்தில் தளத்தின் நட்டநடுவில் இரண்டு கோபுரங்களை எதிரெதிரே நிறுத்தியிருந்தேன். கோயில் வாசல்போல் கம்பீரமாக இருந்தது. பிறகு காகிதத்தில் ஒரு விமானத்தை வெட்டி, அமரத்திலிருந்து (பின்முனை) அணியம்வரை (முன்முனை) வரைபடத்தின்மேல் நகர்த்திப் பார்த்தேன். இறங்கும் விமானம் தன் வால்கொக்கியால் தளத்தின் குறுக்கே கட்டிய தடுப்புக் கம்பியைப் பிடித்துத்தான் நிற்கும். அந்தக் கம்பியைக் கொக்கி தவறவிட்டால் விமானம் நேரே கோபுரத்தில்தான் போய் மோதும்.

இந்தச் சிக்கலை நிஜக் கப்பல்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. நேரான தளத்தில் கம்பியைத் தவறவிட்ட விமானத்தைத் தடுப்பு வலை நிறுத்தவில்லை என்றால், அது முன்னால் நிறுத்தியிருக்கும் விமானங்களில் போய் விழும். 1952இல் பிரிட்டனின் டிரையம்ஃப் கப்பலில் தளத்தின்மேல் இறங்குபாதைக் கோடுகளைக் கப்பலின் நீளவாக்கில் இல்லாமல் இடப்பக்கம் சாய்வாக வரைந்து சோதித்தார்கள். அடுத்து அமெரிக்காவின் ஆன்டீட்டம் கப்பலுக்கு உண்மையாகவே சாய்வுத் தளம் கட்டப்பட்டது. கம்பி சிக்காத விமானம் இடப்பக்கமாக வெளியேறி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்க வரும். நிமிட்ஸ் வகைக் கப்பல்களில் அந்தச் சாய்வு ஏறத்தாழ 9 பாகை. நெய்தலுக்கும் அதையே கொடுத்தேன். விமானி இல்லாத விமானமானாலும் கொக்கி தவறத்தானே செய்யும்?

கோபுரங்கள் வலது ஓரத்துக்குப் போயின. மின்தூக்கிகளும் இறங்குபாதையில் குறுக்கிடாத இடங்களுக்குத் தள்ளப்பட்டன. அழகு கொஞ்சம் குறைந்தது. ஆனால் பார்ப்பவர்கள் "இது எந்த நாட்டுக் கப்பல்?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கேள்வி: அண்ணா, அடிப்பாகம் ஒட்டி இரண்டு வாரத்தில் வில்லாக வளைந்துவிட்டது. என்ன தவறு செய்தேன்?

இரண்டு அகலமான ஸ்டைரீன் தகடுகளை முகத்தோடு முகம் வைத்து ஒட்டியிருப்பீர்கள் தம்பி. கரைப்பான் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டுகிறது. நடுவில் அகப்பட்ட கரைப்பான் வெளியேற வழியில்லாமல் வாரக்கணக்கில் உள்ளேயே கிடந்து தகட்டை இழுக்கும்.

நான் செய்த விதம் இது: இரண்டு மில்லிமீட்டர் அடித்தகடு, அதன் நடுவே முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக ஏரா (கப்பலின் முதுகெலும்பு), மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குச் சுவர். ஒவ்வொரு சுவரிலும் பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, ஆவி போவதற்கு. இடப்பக்கம் ஒரு துண்டு ஒட்டினால் உடனே வலப்பக்கமும் ஒன்று. பிறகு கண்ணாடிப் பலகையில் நாடா போட்டு இறுக்கி ஒரு வாரம் தொடாமல் வைத்தேன். அந்த ஒரு வாரம்தான் முழு வேலையிலும் கடினமான பகுதி.

வளைந்ததைத் தூக்கி எறிய வேண்டாம். அடித்தகட்டில் குறுக்காக இரண்டு மூன்று இடத்தில் பாதி ஆழத்துக்கு வெட்டி, கண்ணாடியில் அழுத்திக் கட்டி, வெட்டுகளில் மெல்லிய பட்டைகளைச் செருகி ஒட்டுங்கள். நீர்க்கோட்டுக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

கேள்வி: கோபுரத்தில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னக் கருவிகள் எல்லாம் என்ன?

பழைய பெட்டிகளில் மிஞ்சிய துண்டுகள். ரேடார்போல் தெரிவது ஒரு பீரங்கி வண்டியின் சக்கரம். ஒருவர் கண்டுபிடித்துவிட்டார், அவருக்கு வணக்கம். பாதியை ஒட்டியபின் பாதியைப் பிடுங்கினேன். வெறுமையான சுவர் கொஞ்சமாவது இருந்தால்தான் கப்பல் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: தண்ணீரில் விடலாமா?

விடலாம், வருத்தப்படுவீர்கள். நீளம் 700இல் ஒரு பங்கானால் எடை 700 × 700 × 700இல் ஒரு பங்காகிவிடும். நெய்தலின் எடையை ஒன்றரை லட்சம் டன் என்று வைத்திருக்கிறேன்; மாதிரிக்கு வருவது ஏறத்தாழ 437 கிராம்தான். வர்ணமும் பித்தளைக் கைப்பிடிக் கம்பிகளும் மேலே ஏறியபின் சிறு அலைக்கே கவிழும்.

கேள்வி: பெரியவர்கள் இப்படிக் கற்பனைக் கப்பலோடு விளையாடலாமா?

இரண்டாம் உலகப் போரில் அரசாங்கங்களே விளையாடின. பனிக்கட்டியில் மரக்கூழைக் கலந்து 600 மீட்டர் நீள விமானந்தாங்கி கட்டும் யோசனை ஒன்று இருந்தது, பெயர் ஹபக்குக். 1943இல் கனடாவின் பாட்ரீசியா ஏரியில் 18 மீட்டர் மாதிரி ஒன்றைக் கட்டியும் பார்த்தார்கள். அதை உருகாமல் காத்தது ஒரே ஒரு குதிரைத்திறன் கொண்ட குளிர்பதன இயந்திரம். என் மாதிரிக்கு அதுகூடத் தேவையில்லை.

கேள்வி: தளத்தின் நிறம் நிஜம்போல் இருக்கிறது. என்ன கலவை?

கறுப்பை அப்படியே பூசாதீர்கள், பொம்மையாகிவிடும். அடர்சாம்பலில் துளி நீலமும் கொஞ்சம் வெள்ளையும். தேய்மானத்தை எல்லா இடத்திலும் தெளிக்காமல், டயர் தரை தொடும் இடத்தில் மட்டும் கறுப்புத் தூளை விரலால் இழுத்தேன், இறங்கும் திசையிலேயே.

கேள்வி: என் படங்களில் கப்பல் பொம்மையாகவே தெரிகிறது. உங்கள் படங்களில் எப்படி?

கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் மேசையைத் தொடும் அளவுக்குத் தாழ்த்துங்கள். விளக்கு ஒன்றே ஒன்று போதும், தொலைவில், பக்கவாட்டில்.