ஜிம் ஒத்துவரவில்லை, வேலூர் வெயிலும் தாங்கவில்லை. நாற்பதுக்கு மேல் உடம்பை எப்படிச் சுறுசுறுப்பாக வைத்துக்கொள்வது?

எனக்கு 46 வயது. சத்துவாச்சாரியில் வீடு, நாள் முழுக்க நாற்காலி வேலை. ஜிம்முக்கு இரண்டு முறை வருடச் சந்தா கட்டி, இரண்டு முறையும் மூன்றாவது வாரத்தோடு நின்றவன். எனக்கு ஒத்துவந்தது தினமும் நாயோடு நடை, வருடத்தில் இரண்டு மூன்று தடவை புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்.

நாய் பெயர் மணி. அசல் தெருநாய், குட்டியாக வந்து எங்கள் வாசலில் படுத்துக்கொண்டது. விடியற்காலை ஐந்துக்குக் கதவைப் பிறாண்டும். ஜிம்காரரிடம் "நாளைக்கு வரேன்" என்று சொல்லலாம். மணியிடம் சொன்னால் கூடத்திலேயே காரியத்தை முடித்துவிடும். பாலாற்றங்கரை வரை போய்த் திரும்ப ஒரு மணி நேரம். கத்திரி வெயிலில் ஏழு மணிக்குள் வீடு வந்துவிடுவோம். சாயங்காலம் கிளம்பும்முன் புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு எண்ணும்வரை வைத்துப் பார்ப்பேன். எனக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நம்மைப் போல அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டுத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதனால் கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில்.

சரி, டைவிங். தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள், அங்கிருந்து ஒருத்தன் கடலுக்கடியில் போகிறானா என்று நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் நான் அணைக்கட்டுப் பக்கம் மாமா வீட்டுக் கிணற்றில், லாரி டியூப்போடு நீச்சல் கற்றவன். மூச்சடக்கிக் கிணற்றடி மண்ணை அள்ளி வந்து காட்டுவதுதான் அங்கே வீரம். அந்தப் பழக்கம்தான் கடலில் என்னைப் படுத்தியது. ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சை அடக்காதே என்பது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரவர இரு மடங்காக விரியப் பார்க்கும். அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியலாம். பயிற்சியாளர் என் மாஸ்க்குக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டி "விடுங்க, விடுங்க" என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். முப்பது வருடப் பழக்கத்தை அரை மணி நேரத்தில் மறப்பது லேசில்லை.

முதல் தடவை பதற்றத்தில் புஸ் புஸ்ஸென்று இழுத்து, எல்லோருக்கும் முன்னால் என் சிலிண்டரில்தான் காற்று குறைந்தது. இப்போது அதே சிலிண்டர் கூடுதல் நேரம் வருகிறது. நடையால் நெஞ்சு தேறியதும் ஒரு காரணம்தான், ஆனால் பயம் போனதே பெரிய காரணம் என்பேன்.

சளி இருந்தால் இறங்காதீர்கள், காது அடைத்து வலி உயிர் போகும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போகவே கூடாது. அப்புறம், நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று: டைவிங் முடித்துத் திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வழியாக வேலூர் வருவதில் பிரச்சினை இல்லை. ஆனால் அதே பயணத்தில் ஏலகிரியையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். அது 1,000 மீட்டருக்கு மேலே. ஆழத்து அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள், அழுத்தம் குறைவான மலைக்கு ஏறினால் அது குமிழியாகி ஆபத்தாகலாம். ஒரு நாள் முழுக்கக் கழியட்டும்.

நான் அந்த ஒரு நாளையும் வீட்டில்தான் கழிப்பேன். இரண்டு நாள் என்னைக் காணாத மணி, உப்பு வாடை அடிக்கும் என் பையை விட்டு நகராது.