கர்ப்பப்பை வாய் டெஸ்ட்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

காசிமேடு, 43 வயசு: வலி இல்ல, வெள்ளைப்படுறது இல்ல, நல்லாதான் இருக்கேன். நர்ஸம்மா டெஸ்ட் எடுத்துக்கோன்னு விடாம சொல்றாங்க, எதுக்கு டாக்டர்?

நல்லா இருக்கும்போதுதான்மா எடுக்கணும். கர்ப்பப்பை வாய் புற்றுக்குக் காரணம் ஹெச்பிவின்னு ஒரு வைரஸ், தாம்பத்திய உறவுல வர்றது, நெறைய பேருக்கு ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டிடும், சிலருக்கு மட்டும் தங்கிடும், அப்படித் தங்கினது புற்றா மாற 10, 15 வருஷம்கூட ஆகும், அத்தன வருஷமும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. உறவுக்கு அப்புறம் ரத்தம், நாத்தமா வெள்ளைப்படுறதுன்னு தெரிய ஆரம்பிக்கும்போது பலருக்கு முத்திப்போயிருக்கும். 30லேர்ந்து 65 வயசு வரைக்கும் 5 வருஷத்துக்கு ஒருவாட்டி, கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரில காசு கிடையாது.

வியாசர்பாடி: உள்ள கருவி வெப்பாங்களாமே, கூச்சமா இருக்கு.

இருக்கத்தான் செய்யும். ஸ்க்ரீன் போட்டுட்டுதான் பாப்போம். வாத்து மூக்கு மாதிரி ஸ்பெகுலம்னு ஒண்ணு வெச்சு, வினிகர்ல இருக்கற அதே அசிட்டிக் ஆசிட்ட பஞ்சுல தொட்டு கர்ப்பப்பை வாயில வெப்போம், லேசா சுருக்குன்னு இருக்கும், ஒரு நிமிஷம் பொறுத்து வெள்ளையா மாறுதான்னு பாப்போம். மீன் ஏலம் முடிச்சு நேரா வந்த ஒரு அக்கா முந்தானைய பல்லுல கடிச்சுக்கிட்டே படுத்திருந்தாங்க, எந்திரிங்கக்கான்னதும் "அவ்ளோதானா?"ன்னாங்க. பீரியட்ஸ் நேரத்துல மட்டும் வராதீங்க. ஆம்பள டாக்டர் வேணாம்னா தயங்காம சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை, 36 வயசு: பாசிட்டிவ்னு எழுதி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு சீட்டு குடுத்தாங்க. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல, எனக்கு கேன்சரா?

பாசிட்டிவ்னா கேன்சர் இல்லம்மா, வெள்ளையா ஒரு இடம் தெரிஞ்சுது, அவ்ளோதான். சாதா புண்ணு, இன்ஃபெக்ஷன்கூட அப்படிக் காட்டும். அங்க கால்போஸ்கோப்னு ஒரு கருவில பெருசாக்கிப் பாத்து, சந்தேகம்னா கடுகளவு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. புற்றுக்கு முந்தின மாற்றம்னு வந்தாலும் சூடு வெச்சோ, கம்பிச் சுருக்கால அந்த இடத்த மட்டும் எடுத்தோ சரி பண்ணிடலாம், பெரும்பாலும் அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம், அதுக்காக கர்ப்பப்பைய எடுக்கத் தேவையில்ல. என் பயமெல்லாம் அந்த சீட்டு பத்திதான். நான் எழுதிக் குடுத்த சீட்ட ஒரு அம்மா ரேஷன் கார்டுக்குள்ள மடிச்சு வெச்சுட்டாங்க, வேலைக்கு லீவு போட்டா கூலி போயிடும்னு. ரெண்டு வருஷம் கழிச்சு ரத்தப்போக்கோட வந்தாங்க, மடிப்பு கிழிஞ்ச அதே சீட்டோட. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேன்னு இன்னும் மனசு ஆறல. நீங்க நாளைக்கே போங்க, தனியாப் போக பயமா இருந்தா எங்க நர்ஸக் கூப்பிடுங்க.

தண்டையார்பேட்டை: பொண்ணுக்கு 13 வயசு. ஹெச்பிவி தடுப்பூசி போட்டா கொழந்த பொறக்காதுன்னு வாட்ஸப்புல வந்துச்சு.

சுத்தப் பொய். போடுங்க. 9லேர்ந்து 14 வயசுக்குள்ளன்னா 6 மாச இடைவெளில ரெண்டு ஊசி, இந்த வயசுல ஒண்ணே போதும்னுகூட உலக சுகாதார நிறுவனம் 2022ல சொல்லிடுச்சு. 15க்கு மேல ஆரம்பிச்சா பொதுவா மூணு. நம்ம நாட்டுலயே செய்யற செர்வாவாக்னு ஒரு ஊசி இருக்கு. ஊசி போட்டிருந்தாலும் 30 வயசுல டெஸ்ட் உண்டு.

திருவொற்றியூர்: அம்மாவுக்கு 61. பீரியட்ஸ் நின்னு பத்து வருஷம், இப்ப லேசா ரத்தம் படுது. சூடுன்னு இளநி குடிக்கறாங்க.

சூடு இல்ல. தீட்டு நின்னப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் காட்டியாகணும். அந்த வயசுல கர்ப்பப்பை வாயோட முக்கியமான பகுதி உள்ள போயிடும், வினிகர் டெஸ்ட்ட நம்பி இருக்க முடியாது, ஸ்கேனும் தேவைப்படும். இந்த வாரமே மகப்பேறு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.