ஜப்பானுக்குப் போய் ஜெர்மன் கேக்கா?

அன்புள்ள அக்கா,

வேலை விஷயமாக ஒசாகா வந்திருக்கிறேன். இங்கே டிபார்ட்மென்ட் ஸ்டோர் அடித்தளம் முழுக்க இனிப்புக் கடைகள். எல்லோரும் வாங்குகிறார்களே என்று பவும்கூஹென் என்ற வளையக் கேக் ஒரு பெட்டி வாங்கினேன். பை, தாள், பெட்டி, அதற்குள் தனித்தனி உறை என்று பிரித்து மாளவில்லை. உள்ளே வெறும் வெண்ணெய் கேக், இனிப்பும் குறைவு. அறையில் உட்கார்ந்து பாதிப் பெட்டி தின்றும் இதில் என்ன இருக்கிறது என்று பிடிபடவில்லை. விசாரித்தால் அது ஜெர்மன் கேக்காம்! ஊருக்குக் கொண்டுபோக ஒரிஜினல் ஜப்பான் இனிப்பு எது? அம்மா முட்டை சேர்க்கமாட்டார்.

ம.

அன்புள்ள ம.,

அம்மாவுக்கு யோக்கான் வாங்குங்கள். அசுக்கி என்ற சிவப்புப் பயறு, சர்க்கரை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர், அவ்வளவுதான். தோராயா கடையில் 'யோரு நோ உமே' என்று கேளுங்கள். வெட்டினால் கருத்த துண்டில் பயறுகள் இரவில் பூத்த பிளம் பூக்களாகத் தெரியும். மாதக்கணக்கில் கெடாது.

உறைகளைப் பற்றிய புகாரை விடுங்கள். அலுவலகத்தில் ஆளுக்கொன்று கொடுப்பதற்கென்று செய்த பெட்டி அது. தனியாக அறையில் உட்கார்ந்து தின்றால் உறை அதிகமாகத்தான் தெரியும்.

என்னை எழுதவைத்தது அந்த 'ஒரிஜினல்'. ஹிரோஷிமாவின் அணுகுண்டுக் குவிமாடத்தைப் பற்றி ஒரு கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாங்கியது எந்தக் கடைப் பெட்டியோ, அதன் கதை அந்தக் கட்டடத்துக்குள்தான் தொடங்குகிறது.

கார்ல் யூஹைம் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் கேக் கடை வைத்திருந்த ஜெர்மன்காரர். 1914-ல் ஜப்பான் அந்த ஊரைப் பிடித்தபின் போர்க்கைதியாகக் கொண்டுவரப்பட்டு, கடைசியில் ஹிரோஷிமாவை ஒட்டிய நினோஷிமா தீவு முகாமில் இருந்தார். 1919 மார்ச் 4 அன்று ஹிரோஷிமா பொருட்காட்சிக் கூடத்தில் கைதிகளின் கைவேலைப் பொருட்களை வைத்தார்கள். அங்கேதான் அவர் பவும்கூஹென் சுட்டுக் கொடுத்தார். இன்று எலும்புக்கூடாக நிற்கும் குவிமாடம் அந்தக் கூடம்தான்.

விடுதலை கிடைத்தும் அவர் ஊர் திரும்பவில்லை. 1922-ல் மனைவி எலிசேயுடன் யோகஹாமாவில் கடை போட்டார். அடுத்த ஆண்டு நிலநடுக்கத்தில் கடை போயிற்று. கோபே போய் மறுபடி தொடங்கினார். 1945 குண்டுவீச்சில் அதுவும் போயிற்று. அந்த ஆகஸ்ட் 14 அன்று இறந்தார். மறுநாள் ஜப்பானின் சரணடைவு அறிவிப்பு. எலிசேயைப் போருக்குப்பின் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய வேலையாட்கள் கடையைத் திறந்து, 1953-ல் அந்த அம்மாளைத் திரும்ப வரவழைத்துக்கொண்டார்கள்.

இதைப் போய் ஜெர்மன் கேக் என்று ஒதுக்குகிறீர்களே, தம்பி! நிஜமாகவே கோபம் வருகிறது. நாகசாகியின் கஸ்தெல்லா என்ற பஞ்சு கேக் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரோடு வந்தது. மேலே சொன்ன யோக்கானுக்கு மூலம் சீனா. எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே போனால் அந்த அடித்தளத்தில் உங்களுக்கு எதைக் காட்டுவது? வடக்கேயிருந்து வந்த குடும்பத்தார் கிண்டியது என்பதற்காக நெல்லைக்காரர்கள் அல்வாவை விட்டுக்கொடுப்பார்களா? பண்டம் எங்கே பிறந்தது என்பதைவிட, அதை யார் யாருக்கு எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஜப்பானில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறார்கள். மரத்தின் வளையம்போல உறவு ஆண்டுக்காண்டு கூடட்டும் என்று. இதற்கு மேல் என்ன ஒரிஜினல் வேண்டும்?

தின்றவிதமும் தப்பு. கோபேயில் நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி இதைச் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சுழலும் உருளையில் மாவை ஒரு பூச்சு ஊற்றி, அது சிவந்த பிறகுதான் அடுத்த பூச்சு ஊற்றுவார்கள். வெட்டிய துண்டில் தெரியும் பழுப்புக் கோடுகள் அப்படி வந்தவை. பாட்டி முள்கரண்டியின் ஓரத்தை வெளிக் கோட்டில் வைத்து மெல்ல நெம்புவார். ஒரே ஒரு படலம் சுருண்டு வரும். அதை வாயில் போட்டு, ஒரு மிடறு தேநீர் குடித்து, பிறகுதான் அடுத்த படலம். கோட்டில் லேசாகக் கருகிய வாசனை, நடுவில் வெண்ணெய். ஒரு துண்டு தீர அரைமணி நேரம் ஆகும். அவருக்குச் செவி மந்தம், எனக்கு அவர் பாஷை அரைகுறை. ஆனாலும் ஒவ்வொரு படலத்துக்கும் என் தட்டை எட்டிப் பார்த்து, நான் அவசரப்பட்டால் கையை மெதுவாகத் தட்டுவார். எனக்கு அந்த ஊரில் அவ்வளவு உரிமையோடு வேறு யாரும் கைவைத்ததில்லை.

வீட்டில் முட்டை சாப்பிடுகிறவர்கள் இருப்பார்களே, அவர்களுக்கு இதையே வாங்குங்கள். கோபே மோட்டோமாச்சியில் யூஹைம் கடை இன்றும் இருக்கிறது. ஒசாகாவிலிருந்து ரயிலில் அரைமணி நேரம்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் வந்து எழுதுங்கள்.