நள்ளிரவில் சிங்கப்பூர் இறங்கும் உசிலம்பட்டி நண்பருக்கு

வணக்கம். இரவு 12.30 மணிக்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, குறைந்த பணத்துடன் லிட்டில் இந்தியா விடுதிக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். அந்நேரத்தில் எம்ஆர்டி என்ற நகர ரயில் ஓடாது. டாக்சியிலோ நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் கட்டணத்துக்கு மேல் 50 விழுக்காடு கூடுதலாக வாங்குவார்கள் என்பதால், அந்த ஓர் இரவுக்கு அறை எடுக்காமல் விமான நிலையத்திலேயே விடியும்வரை தங்கிவிடுவதுதான் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். குளிர்சாதனம் எலும்பு வரை இறங்கும். மதுரையிலிருந்து கொண்டுபோன அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை இரண்டாக மடித்துப் போர்த்திய பிறகே எனக்குத் தூக்கம் வந்தது. காலை 5.30 மணிக்கு மேல் ரயில் ஏறி, எக்ஸ்போ நிலையத்தில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். சிங்கப்பூருக்குள் நுழையத் தேவையான வருகை அட்டையை, இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள், குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் இலவசமாக நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்பிவிடாதீர்கள்.